"பற்றரி புதுசு மாதிரி" என்று சொல்லி விற்கப்படும் பழைய பிரியஸ்: வாங்குமுன் வாசியுங்கள்

பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் பழைய ஹைபிரிட் கார் தேடுகிறவர்கள், அதிலும் 2009க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் கண் வைத்திருப்பவர்கள், முற்பணம் கொடுக்குமுன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கொழும்புப் புறநகரில் உள்ள ஒரு விற்பனை நிலையத்தில் அறுபது இலட்சத்துக்கு மேல் கொடுத்து 2011 பிரியஸ் ஒன்றை வாங்கினேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். பொடி சுத்தம், எஞ்சின் சத்தம் இல்லை, ஏசி நல்ல குளிர். ஓட்டிப் பார்த்ததிலும் குறை தெரியவில்லை. "ஹைபிரிட் பற்றரி புதுசு மாதிரி அண்ணை, ஒரு வருஷ வொரண்டி எழுத்தில தாறம்" என்றார் விற்றவர். கடிதமும் தந்தார்.

யாழ்ப்பாணம் கொண்டுவந்து சில வாரங்களில், ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டும்போது சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. திரையில் ஜப்பானிய எழுத்தில் ஒரு வரி. போன் கமராவைப் பிடித்து மொழிபெயர்த்தால் ஹைபிரிட் முறைமையைச் சோதிக்கச் சொல்கிறது. பின் இருக்கைப் பக்கம் இருக்கும், பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி தலைமுடி உலர்த்தும் கருவி மாதிரி இரைந்தது. பற்றரி அளவைக் காட்டும் கோடுகள் நிறைந்திருந்தவை, ஒரு சிறு ஏற்றத்தில் மளமளவென்று அடிக்கு வந்தன. கராஜில் பழுதுக் குறியீடு படிக்கும் கருவியைப் போட்டால் பி0ஏ80. ஹைபிரிட் பற்றரி பழுது என்பதற்கான குறியீடு அது.

பற்றரியை இறக்கித் திறந்தபோதுதான் கதை விளங்கியது. பிரியஸின் பற்றரியில் 28 மொடியூல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6. நம்மூரில் இவற்றைத்தான் "செல்" என்கிறோம். என்னுடையதில் பெரும்பாலானவற்றின் தொடர் இலக்கங்கள் ஒன்றையொன்று அடுத்து வந்தன. மூன்று மட்டும் வேறு இலக்கம், வேறு பழுப்பு நிறம். அதாவது எங்கோ உடைத்த காரிலிருந்து கழற்றியவை. மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதைச் சுரண்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதுதான் அந்த வியாபாரத்தின் சூத்திரம். பற்றரி பழுதாகிக் குறியீடு வரும். மோசமான மொடியூலை மட்டும் எடுத்துவிட்டு, பழைய பற்றரியிலிருந்து ஒன்றைச் செருகுவார்கள். குறியீட்டை அழிப்பார்கள். கார் சில நூறு கிலோமீற்றர் நன்றாகவே ஓடும், வாங்க வருபவர் ஓட்டிப் பார்ப்பதற்கு அது தாராளம். கிழட்டு மாட்டோடு இளங்கன்றைப் பூட்டிய வண்டில் எவ்வளவு தூரம் போகும்? மீதி இருபத்தைந்தும் ஒரே வயதுக் கிழங்கள். கொள்ளளவு ஒத்துப்போகாததால் அடுத்த பலவீனமானது சீக்கிரமே விழும். அதை மாற்றினால் அதற்கடுத்தது.

சரி, வொரண்டி இருக்கிறதே என்று அழைத்தேன். கடிதத்தை வாசித்துப் பார்க்கச் சொன்னார்கள். "பழுதான செல் மாற்றிக் கொடுக்கப்படும்" என்றுதான் எழுதியிருந்தது. பற்றரி மாற்றித் தருவதாக எங்கும் இல்லை. வாகனத்தை அவர்களுடைய கராஜுக்கே கொண்டுவர வேண்டுமாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நானூறு கிலோமீற்றர் அளவு, இழுவை வண்டிக் கூலி என் தலையில். "அண்ணை, நீங்கள் ஓடின விதமாயும் இருக்கலாம்" என்று வேறு சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது பற்றரி போனதற்கு அல்ல, இந்தப் பேச்சுக்குத்தான். ஒரே ஆள்தான் வாங்கும்வரை தேநீர் வாங்கித் தந்தவர்.

இந்த நாட்டில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது என்பதற்குக் காரணம் தெளிவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட காலமெல்லாம் உள்ளே இருந்த அதே கார்கள்தான் கைமாறின. விலை ஏறியது, பற்றரியின் வயதும் ஏறியது. இப்போது வருபவற்றின் வரியைப் பார்த்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பழசை விட்டால் வழியில்லை. அது அவர்களுக்கும் தெரியும்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். காரின் கணினியோடு இணைத்துத் தகவல் படிக்கும் சிறிய புளூடூத் ஓபிடி கருவியும் ஹைபிரிட் பற்றரியைப் படிக்கும் செயலியும் இருந்தால் போதும். இந்தக் கார் 28 மொடியூல்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக அளந்து காட்டும். ஏசியை முழுதாகப் போட்டு, அழுத்தி மிதித்து ஓட்டும்போது அந்த 14 எண்களையும் பக்கத்தில் ஒருவர் பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து ஏறினால் சரி. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் கீழே போனால் விலை பேச வேண்டாம். நின்ற இடத்தில் பார்க்கும் அளவு எதையும் சொல்லாது. அதே கருவியில் "குறியீடு அழித்த பின் ஓடிய தூரம்" என்று ஒன்று வரும். விற்பனை நிலையத்தில் மாதக்கணக்காக நிற்கும் காரில் அது இருபது, முப்பது கிலோமீற்றர் என்று காட்டினால், ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள். 12 வோல்ட் பற்றரியைக் கழற்றினோம் என்பார்கள். சில வேளை உண்மையாகவும் இருக்கும்.

அந்த 12 வோல்ட் பற்றரியையும் பாருங்கள். பிரியஸில் அது பின்பெட்டியின் வலப் பக்கம் இருக்கும். உள்ளே இருப்பதால் வாயுவை வெளியே விடும் குழாயோடு கூடிய வகைதான் போட வேண்டும். என் காரில் சாதாரணப் பற்றரி, குழாய் அந்தரத்தில் தொங்கியது. இது பலவீனமானால் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகளெல்லாம் எரியும். அதைக் காட்டி முழு ஹைபிரிட் பற்றரியையும் மாற்றச் சொல்லும் கராஜ்களும் உண்டு.

மீற்றரிலும் கை வைத்திருந்தார்கள். எண்பதாயிரம் சொச்சம் காட்டியது, ஜப்பானில் காரை ஏலம் விட்டபோது அதன் நிலையையும் ஓடிய தூரத்தையும் குறித்த ஏல அறிக்கையும் அதற்கு ஏற்றபடி. பிறகு எயார் கிளீனர் பெட்டியின் ஓரத்தில், எண்ணெய்க் கறைக்கு அடியில், ஜப்பானில் ஒயில் மாற்றும்போது ஒட்டும் சிறு ஸ்டிக்கர் ஒன்று அகப்பட்டது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஹெய்செய் 25ஆம் வருடம், தூரம் 94,000க்கு மேல். ஹெய்செய் எண்ணோடு 1988ஐக் கூட்டினால் நம் வருடம் வரும், அதாவது 2013. இத்தனை வருடம் கழித்து மீற்றர் பின்னால் போயிருக்கிறது! விற்பவர் நீட்டும் ஏல அறிக்கைப் பிரதியை நம்பாமல், காரின் அடையாள எண்ணான செசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே பணம் கட்டி எடுத்துப் பாருங்கள்.

மற்றச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1.8 லீற்றர் எஞ்சினில் புகையைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் கூலர் கரியால் அடைபடும். கவனிக்காமல் விட்டால் எஞ்சினின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போகும். காலையில் எஞ்சின் முதலில் எடுக்கும்போது கார் குலுங்கினாலோ, ஒழுக்கு இல்லாமல் கூலன்ட் குறைந்தாலோ விலகிவிடுங்கள். பிரேக்கில் கால் வைக்காமல் நிற்கும்போதே பம்ப் அடிக்கடி உறுமினால் பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும் அக்சுவேற்றர் கேள்விக்குறி, அதுவும் இலட்சக் கணக்குத்தான். 2014இல் இந்த மொடலில் பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேற்றரின் மென்பொருளுக்காக டொயோட்டா உலகளவில் சுமார் 19 இலட்சம் பிரியஸ்களைத் திருப்பி அழைத்தது. அதற்கு முன்பே ஜப்பானை விட்டு வந்த கார்களில் அந்தத் திருத்தம் நடந்திருக்காது, செசி இலக்கத்தை வைத்துக் கேட்டுப் பாருங்கள். பின் இருக்கை ஓரத்துக் காற்று வாசலைத் துணிப்பை வைத்து மூடாதீர்கள், விசிறியின் தூசியை வருடத்துக்கு ஒருமுறையாவது எடுங்கள்.

இங்கேயே புது மொடியூல்கள் கொண்ட முழுப் பற்றரி போட்டுவிட்டேன். சில இலட்சம் போனது, ஆனாலும் "செல் மாத்தித் தாறம்" என்ற பேச்சுக்கு மறுபடி போகும் எண்ணம் இல்லை. கார் இப்போது நன்றாக ஓடுகிறது. பிரியஸ் கெட்ட வாகனம் என்று நான் சொல்லவில்லை.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அவர்களின் தொலைபேசி 1977. ஸ்டிக்கரின் படம், மொடியூல் இலக்கங்களின் படங்கள், கராஜ் அறிக்கை, வொரண்டிக் கடிதம் எல்லாம் இணைத்தேன். கழற்றிய மூன்று மொடியூல்களையும் எறியாமல் வைத்திருக்கிறேன். விசாரணைக்குத் திகதி கிடைத்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.