தம்புரா செயலிகள்: பாடாதவர்களுக்கு எது தேறும்?

பாடத் தெரியாதவர்களும் இப்போது போனில் தம்புரா செயலி வைத்திருக்கிறார்கள். கணக்கு எழுதும்போதோ துணி இஸ்திரி போடும்போதோ ஓடவிட்டால் மனம் அலையாமல் நிற்கிறது என்பது அவர்கள் கட்சி. அந்தப் பயனுக்கு எது தேறும் என்று மட்டும் பார்ப்போம். கச்சேரிக்கான கணக்கு வேறு.

மாறாத ஒலியைக் காது சில நிமிடங்களில் விட்டுவிடும். மின்விசிறிச் சத்தம் நமக்குக் கேட்காமல் போவது அப்படித்தான். நல்ல தம்புரா அப்படி மறைவதில்லை. தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல் சரியான இடத்தில் நின்றால் ஒவ்வொரு மீட்டிலும் மேற்சுரங்கள், அதாவது தந்தியின் அதிர்வெண்ணைப் போல் இரண்டு, மூன்று என்று மடங்கான ஒலிகள், ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அடங்கும். 1 கட்டைச் சுருதியில் (மேற்கத்திய C) மந்தர ஸட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி 'ஸ', சுமார் 65 ஹெர்ட்ஸ். அதன் ஐந்து மடங்கான 327 ஹெர்ட்ஸில், எந்தத் தந்தியிலும் கட்டாத அந்தர காந்தாரம் ('க' சுரத்தின் ஒரு வகை) கேட்கும். கவனத்தில் ஒரு பங்கு அதில் ஒட்டிக்கொள்ள, மிச்சம் கைவேலையில் நிற்கிறது. ஆகவே முதல் சோதனை: காந்தாரம் கேட்கிறதா? அசல் தம்புராவைப் பதிவு செய்து தரும் செயலிகளில் பெரும்பாலும் கேட்கும். மலிவான செயற்கை ஒலியில் வெறும் ரீங்காரம்தான்.

அடுத்தது பஞ்சமம், அதாவது 'ப'. ஸட்ஜத்தோடு சுத்தமாகச் சேர்ந்தால் ஒலி அசையாமல் நிற்கும். ஹார்மோனியச் சுருதியில் வைத்த பஞ்சமம் 2 சென்ட் குறைவு (அடுத்தடுத்த இரண்டு ஹார்மோனியக் கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). 1 கட்டையில் நாலைந்து விநாடிக்கு ஒலி ஏறி இறங்கும் ஒரு மெல்லிய அலை எழும், அது தொந்தரவில்லை. 10 சென்ட் பிசகினால் விநாடிக்கு ஓர் அலை. காது அதையே எண்ண ஆரம்பித்துவிடும். சுருதியைச் சிறுகச் சிறுகத் திருத்தும் நுண்சுருதித் திருகு இல்லாத செயலியை வாங்க வேண்டாம்.

பதிவுத் துண்டு சிறியதாக இருந்தால் அது திரும்பத் தொடங்கும் ஒட்டு தெரியும். ஹெட்போனில் இரண்டு நிமிடம் கேளுங்கள்: 'டிக்' என்றோ நாதம் சட்டென்று அறுந்தோ கேட்டால் கழித்துவிடுங்கள். நான்கு மீட்டுக்கு ஐந்து விநாடி சரியான வேகம். அதைவிட விரைந்தால் தாளமாகிவிடும், கால் தட்டும்.

சில செயலிகளில் 'ஆல்ஃபா அலை' (மூளை ஓய்வாக இருக்கும்போது எழும் மின்னலை) என்றொரு பொத்தான். இடக்காதுக்கு 200, வலக்காதுக்கு 210 ஹெர்ட்ஸ் கொடுத்தால் மூளைக்குள் 10 ஹெர்ட்ஸ் துடிப்பு தோன்றும். ஜெர்மன் இயற்பியலாளர் டோவ் 1841-லேயே கண்ட விஷயம். மூளை அலை அதைப் பின்தொடர்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் காற்றிலேயே கலந்து சாதாரண அதிர்வாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேல், சுருதியை வேண்டுமென்றே கலைக்கும் வேலை இது. அணைத்தே வையுங்கள். இதற்கென்று தனிச் சந்தா கேட்பது அநியாயம்.

போன் ஸ்பீக்கரில் மந்தரம் வராது. கைக்கடக்கமான ப்ளூடூத் ஸ்பீக்கரை மூன்றடி தள்ளி, பேச்சுக் குரலைவிடத் தாழ்வாக வைத்தால் போதும். தனிப் பெட்டியாக வரும் எலக்ட்ரானிக் தம்புராவில் நாதம் சற்று வறட்சிதான். ஆனால் நடுவில் வாட்ஸ்அப் மணி அடிக்காது, அந்த ஒரு காரணத்துக்காகவே அதையும் பரிசீலிக்கலாம்.

நேர உணர்வு மங்குவது இதன் பக்கவிளைவு. அடுப்பில் பால் இருக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் கூடாது. டைமர் இருந்தால், ஒலி மெல்லத் தேய்ந்து நிற்கும்படி வையுங்கள். சட்டென்று நின்றால் தூக்கிவாரிப் போடும்.