கறுப்பைப் பார்த்து வாங்குங்கள்: ஏர்லமின் புலி வேட்டை மெஸ்ஸோடிண்ட்

ஜோஹான் சோஃபனி 1783 முதல் 1789 வரை இந்தியாவில் இருந்த ஓவியர். அவருடைய ஓவியம் ஒன்றை வைத்து ரிச்சர்ட் ஏர்லம் செப்புத் தகட்டில் செதுக்கியதுதான் ‘டைகர் ஹன்டிங் இன் தி ஈஸ்ட் இண்டீஸ்’. லண்டனில் லாரி அண்ட் விட்டில் கடைக்காரர்கள் 1802இல் வெளியிட்டார்கள். இந்திய வேட்டைக் காட்சியில் உண்மையான பழைய மெஸ்ஸோடிண்ட் (தகட்டை முழு இருட்டாக்கி, பிறகு வெளிச்சத்தைச் சுரண்டி எடுக்கும் அச்சு) ஒன்று வேண்டும் என்றால் இதைத் தேடலாம். ஆனால் இந்தப் பெயரில் விற்பனைக்கு வரும் எல்லாப் பிரதிக்கும் ஒரே மதிப்பு கிடையாது. தகடு புதிதாக இருந்தபோது எடுத்த பிரதி ஒரு ரகம், தேய்ந்த பிறகு எடுத்தது இன்னொரு ரகம். பெரும்பாலும் விற்பனைக் குறிப்பு இதைப் பற்றி வாயே திறக்காது.

தேய்மானம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது தகடு தயாராகும் விதத்தில் இருக்கிறது. பிறை வடிவ வாயில் நுண்ணிய பற்கள் வெட்டிய ராக்கர் என்ற கருவியைத் தகட்டின் மேல் ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றிக்கொண்டே போவார்கள். பல பத்துத் தடவை கடந்தபின் தகடு முழுக்கச் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். அப்படியே மை பூசி அச்சிட்டால் தாள் முழுவதும் மையிருட்டு. வெளிச்சம் வேண்டிய இடத்தில் பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும், பளிச்சென்ற வெள்ளை வேண்டுமானால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிற வேலை இது.

அந்தப் பிசிறுதான் மையைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் மையைத் துணியால் துடைப்பதிலும் உருளை நெருக்குவதிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக மடங்கிப் போகும். செப்புத் தகட்டில் நூறு, இருநூறு பிரதிகள்வரை நன்றாக வரும். அதன்பின் கறுப்பு சாம்பலாகும். 1820களில் எஃகுத் தகடு வந்த பிறகே இந்தக் கஷ்டம் குறைந்தது. அதற்கு விலையாக, அந்தப் பட்டுப்போன்ற மென்மை போய்விட்டது.

ஏர்லம் விஷயத்தில் ஒரு கூடுதல் தடயம் உண்டு. அவர் வெறும் மெஸ்ஸோடிண்டோடு நிற்பவர் அல்ல, அமிலத்தால் அரித்த கோடுகளையும் சேர்த்துக்கொள்வார். பிசிறு தகட்டின் மேலே நிற்பது, அரித்த கோடு பள்ளம். பிசிறு தேய்ந்தபின்னும் பள்ளம் தாங்கும். ஆகவே பிந்தைய பிரதியில் நிழல் வெளிறி, அடியிலிருந்த கோடுகள் எலும்பு தெரிவதுபோலத் துருத்திக்கொண்டு வரும். யானையின் வயிற்றடியையும் மரநிழலையும் பாருங்கள். அங்கே வெல்வெட் துணியின் ஆழம் இருந்தால் முந்தைய பிரதி. பென்சில் ஓவியம்போலக் கோடு கோடாகத் தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். சில இடம் மட்டும் தார் பூசியதுபோல முரட்டுக் கறுப்பாக, பக்கத்து நிழலோடு ஒட்டாமல் இருந்தால், தேய்ந்த தகட்டை மறுபடி ராக்கரால் கொத்தி உயிர்ப்பித்திருக்கிறார்கள்.

படமாகப் பார்த்தால் இந்த முறைக்கென்றே அமைந்த காட்சி. யானைத் தோலின் சுருக்கமும் மடிப்பும் மெஸ்ஸோடிண்டில் வருவதுபோல வேறு எந்த அச்சிலும் வராது. ஆள்கூட்டம் கொஞ்சம் அதிகம்தான், புலியைக் கண் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வானம் இந்த முறைக்கு எப்போதுமே சோதனை. அவ்வளவு பரப்பையும் சீராகச் சுரண்டியாக வேண்டும், கை தவறினால் கீற்றுக் கீற்றாகத் தடம் விழும். இதே இருவர் கூட்டில் 1792இல் வந்த ‘கர்னல் மோர்டான்ட்ஸ் காக் மேட்ச்’ சேவற்சண்டை அச்சு அமைப்பில் இதைவிட ஒரு படி மேல்.

வண்ணம் தீட்டிய பிரதிகளில் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்திலேயே கையால் வண்ணம் பூசி விற்றது உண்டு. ஆனால் வெளிறிய கறுப்பை மறைக்கப் பின்னாளில் பூசியதும் உண்டு. பிரகாசமான வண்ணப் பிரதியும், ஓரம் கிழிந்த கறுப்பு வெள்ளை முந்தைய பிரதியும் ஒரே விலைக்கு வந்தால், இரண்டாவதே சரியான தேர்வு. கிழிசலைச் செப்பனிடலாம், போன கறுப்பைக் கொண்டுவர முடியாது.

மெஸ்ஸோடிண்ட்தானா என்று உறுதிசெய்யப் பத்து மடங்கு லென்ஸ் போதும். கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிப்புள்ளித் தடங்கள் தெரிந்தால், அது ராக்கர் நடந்த வழி. வெள்ளைத் தீவுகளைச் சுற்றி வலைப்பின்னல்போல மை ஓடியிருந்தால் அக்வாடிண்ட், அதாவது தகட்டை அமிலத்தால் அரித்து நிழல் கொண்டுவரும் இன்னொரு அச்சு முறை. ஒரே வரிசையில் அச்சடித்த புள்ளிகள் என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புத்தகப் பக்கம், தள்ளிவிடுங்கள். சாமுவேல் ஹோவிட் வரைந்த ‘ஓரியன்டல் ஃபீல்ட் ஸ்போர்ட்ஸ்’ (1807) நூலின் படங்கள் அக்வாடிண்ட். பிரித்த நூலின் தாள்களை யாராவது மெஸ்ஸோடிண்ட் என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸின் துப்பாக்கி வேட்டைப் படங்களும் வில்லியம் வூலெட் செதுக்கிய கோட்டு வேலைதான்.

அடுத்தது தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நீர்க்குறி (தாள் செய்யும்போதே பதியும் வாட்டர்மார்க்) பாருங்கள். இங்கிலாந்துத் தாள்களில் 1794 முதல் ஆண்டோடு நீர்க்குறி பரவலாக வரும். படத்தின் கீழே 1802 என்றிருக்க, தாளில் ‘ஜே வாட்மேன்’ என்ற தாள் தயாரிப்பாளர் பெயரோடு 1820களின் ஆண்டு ஒன்று தெரிந்தால், பழைய தகட்டில் பிற்பாடு எடுத்த அச்சு அது. அச்சிட்ட தேதி அல்ல, தகடு முதலில் வெளியான தேதிதான் படத்தில் இருக்கும். அந்த வெளியீட்டு வரியே இல்லாமல் ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அதற்கும் விலையில் கழிவு கேட்கலாம். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் நான்கு பக்கமும் இருந்தால் நல்லது. பழைய வேட்டை அச்சுகளைச் சட்டத்துக்குள் அடக்க அந்த ஓரத்தையே நறுக்கிவிடுவது வழக்கம்.

வாங்கியபின் கெடுப்பது பெரும்பாலும் ஃப்ரேம் கடைதான். மெஸ்ஸோடிண்டின் மை மேற்பரப்பிலேயே உட்கார்ந்திருப்பதால் விரல் உரசினால்கூடப் பளபளப்புத் தடம் விழும். சுருட்டக் கூடாது, அழி ரப்பர் வைத்துத் தேய்க்கக் கூடாது. கண்ணாடி தாளைத் தொட்டுக்கொண்டிருந்தால், கடலோர ஊர்களின் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். குறைந்தது 4 மில்லிமீட்டர் இடைவெளி தரும் அமிலமில்லாத பருத்தி மவுண்ட் போர்டு கேளுங்கள். மயில்துத்தம் கலந்த மைதா பசை பூச்சிக்கு நல்லது, தாளுக்கு எமன். கோதுமை ஸ்டார்ச் பசையில் ஜப்பானியத் தாள் கீற்று இரண்டு, மேல்விளிம்பில் மட்டும். அட்டையோடு முழுக்க ஒட்டிவிட்டால் பிரிப்பதற்கே தனிச் செலவு ஆகும். வெளிச்சுவரில் மாட்டினால் மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளிகள் வந்தே தீரும்.

இந்தியாவில் வாங்குபவர்களுக்கு ஒன்று: நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருள் என்பதால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இதற்கும் பொருந்தும். வெளிநாட்டிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ பரிசாக அனுப்பலாம் என்று நினைத்து இங்கே வாங்காதீர்கள், தனியாரால் சட்டப்படி ஏற்றுமதி செய்ய முடியாது.