ஆஃப்சீசன் விவாதத்துக்கு எது உதவுகிறது? ஒரு ஸ்பர்ஸ் ரசிகனின் நீண்ட நாள் அனுபவம்

2018 ஜூலையில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான NBA-வில் நான் ஆதரிக்கும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி தன் நட்சத்திரம் கவாய் லெனர்டை டொரன்டோவுக்கு அனுப்பியது. டெமார் டிரோசன், யாகோப் பெர்ட்டில், கூடவே ஒரு முதல் சுற்று பிக் (அதாவது, அணிகள் வரிசையாகப் புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்டில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) என்று பதிலுக்கு வந்தது. அதுவரை எனக்கு ஆட்டங்கள் இல்லாத ஆஃப்சீசன் என்றால் அக்டோபர் வரை பொறுத்திருக்கும் காலம், அவ்வளவுதான். அந்த ட்ரேடுக்குப் பிறகு கோடைதோறும் நண்பர்களோடு மல்லுக்கட்டுவது வழக்கமாகிவிட்டது. யாரை டிராஃப்ட் செய்யலாம், யாரை விடலாம், யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். இந்தியாவில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நிஜமாகவே விடியும். டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்று குலுக்கிப் பார்க்கும் லாட்டரி காலை நாலரைக்கு, டிராஃப்ட் ஐந்தரைக்கு, ஒப்பந்தம் முடிந்தவர்களை அணிகள் பிடிக்கும் ஃப்ரீ ஏஜென்சி அதிகாலை மூன்றரைக்குத் தொடங்குகிறது.

இந்த விவாதங்களுக்கு நாங்கள் துணைக்கு வைத்துக்கொள்ளும் சமாசாரங்கள் சில உண்டு. லாட்டரி சிமுலேட்டர், மாக் டிராஃப்ட், ட்ரேட் மெஷின், புதுமுகங்கள் ஆடும் சம்மர் லீக் ஆட்டங்கள், அணிகளின் ஒப்பந்தப் பட்டியல். எல்லாவற்றையும் பல கோடைகளாகப் பயன்படுத்தி வருகிறேன். எது நின்று உழைக்கிறது, எது ஒரே வாரத்தில் சலித்துப்போகிறது என்று எழுதி வைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

லாட்டரி சிமுலேட்டரைச் சட்டென்று முடித்துவிடலாம். டேங்கத்தான் தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் லாட்டரி நடந்து முடிவு வந்துவிடும். ஏப்ரலில் இதை அழுத்தாத ரசிகர் கிடையாது. நிஜ லாட்டரியில் 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுப்பார்கள். மொத்தம் 1001 சேர்க்கை வரும், ஒன்றை ஒதுக்கிவிட்டு 1000 சேர்க்கைகளை அணிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2019-இல் வந்த விதிப்படி, கடைசி மூன்று இடங்களில் முடித்த அணிகளுக்கு முதல் பிக் கிடைக்க ஆளுக்கு 14 சதவீத வாய்ப்புதான். அதனால் கடைசி இடத்தில் முடிக்கும் அணி ஐந்தாவது பிக்குக்கு இறங்க 47.9 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 2025-இல் யூட்டாவுக்கு அதுதான் நடந்தது. 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸ் முதலிடம் பிடித்துக் கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. 6 சதவீதத்தோடு எட்டாம் இடத்தில் இருந்த ஸ்பர்ஸ் இரண்டாவது பிக்குக்குத் தாவியது. சிமுலேட்டரைத் தொடர்ந்து அழுத்திப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பழகிப்போயிருக்கும். அதற்குமேல் அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

மாக் டிராஃப்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. யார் எந்த அணிக்குப் போவார் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதும் இந்தப் பட்டியல்களை ஜூன் மாதம் முழுக்கத் தினமும் படிக்கலாம். ஆனால் பல பேர் எழுதுவதும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருவர் மேலே தூக்கினால் மற்றவர்களும் தூக்குவார்கள். நாளடைவில் நாம் ஆட்டக்காரரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு அவருடைய வரிசை எண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். "பன்னிரண்டில் இருக்க வேண்டியவரை ஏழில் எடுத்துவிட்டார்கள்" என்று ஒருவர் கொதிப்பார். பன்னிரண்டு என்று முடிவு செய்தது யார்? பின்னாளில் பெரும் நட்சத்திரங்களான இருவரைப் பாருங்கள்: நிகோலா யோகிச் 2014-இல் 41-ஆவது ஆளாகத்தான் போனார். மனு ஜினோபிலி 1999-இல் 57-ஆவது ஆள். வரிசை எண்ணை மனப்பாடம் செய்வதில் என்ன கிடைக்கப்போகிறது?

2024-இல் ஸ்பர்ஸ் நான்காவது பிக்கில் ஸ்டெஃபான் காசிலை எடுத்தபோது இதைக் கண்ணெதிரே பார்த்தோம். அவர் கனெக்டிகட் கல்லூரியோடு சாம்பியன்ஷிப் வென்று வந்தவர். ஆனால் மூன்று புள்ளி எறிதலில் 26.7 சதவீதம்தான். எங்கள் அணியின் இளம் நட்சத்திரம் வெம்பன்யாமாவுக்குப் பக்கத்தில் எறியத் தெரிந்தவர்தானே வேண்டும் என்று எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வருத்தம். காசிலின் கல்லூரி ஆட்டங்களை உட்கார்ந்து முழுதாகப் பார்த்த ஒன்றிரண்டு பேர் மட்டும் வேறு மாதிரிப் பேசினார்கள். எதிரணியின் முதன்மை கார்டை (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவரை) எப்படி விடாமல் ஒட்டிக்கொண்டு காக்கிறார், உடம்பைக் கொடுத்து எப்படிக் கூடைக்கு வழி உண்டாக்குகிறார் என்று தருணம் தருணமாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு சிறந்த புதுமுகம் விருது காசிலுக்குத்தான் போனது. ஒரு ஆட்டக்காரரின் இரண்டு முழு ஆட்டங்களைப் பாருங்கள், விளம்பரத் துண்டுகளை அல்ல, தவறவிட்ட எறிதல்களோடு சேர்த்து முழு ஆட்டத்தை. ஒரு மாதம் மாக் டிராஃப்ட் படிப்பதைவிட அது பெரிது.

சம்மர் லீக்கும் அப்படித்தான், எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2023 ஜூலை 7 அன்று லாஸ் வேகாஸில் வெம்பன்யாமாவின் முதல் ஆட்டம். 13 முறை எறிந்ததில் 2 மட்டுமே விழுந்தது, மொத்தம் 9 புள்ளி. உடனே உலகம் முழுக்க முணுமுணுப்பு. அதே ஆட்டத்தில் எதிரணி எறிந்ததைத் தடுத்த 5 பிளாக், விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்த 8 ரீபவுண்ட். அவர் பக்கம் பந்தோடு வந்தவர்கள் கடைசி நொடியில் மனம் மாறித் திரும்பிப் போனதைக் கணக்கில் எழுத எந்த வழியும் இல்லை. இரண்டு நாள் கழித்து போர்ட்லாண்டுக்கு எதிராக 27 புள்ளி, 12 ரீபவுண்ட் எடுத்தார். சம்மர் லீக்கில் புள்ளிக் கணக்கை மூடி வைத்துவிட்டு, கால் எப்படி நகர்கிறது, பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். பொழுதும் நன்றாகப் போகும்.

இனி ட்ரேட் மெஷின். எங்களுக்குள் அதிகம் சண்டை மூட்டியதும், அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான். இரண்டு மூன்று அணிகளைத் தேர்ந்தெடுத்து ஆட்களை இங்கும் அங்கும் நகர்த்தினால், சம்பள விதிப்படி அந்த ட்ரேட் செல்லுமா செல்லாதா என்று சொல்லிவிடும். 2025 ஜூனில், அப்போது ஃபீனிக்ஸ் அணியில் இருந்த நட்சத்திரம் கெவின் டுரான்ட் போக விரும்பும் அணிகளில் ஸ்பர்ஸும் ஒன்று என்று செய்தி வந்தது. நண்பர் ஒருவருக்கு அன்று தூக்கமே இல்லை.

"டுரான்ட் வந்தா நேரா ஃபைனல்ஸ்தான்டா."

"வரட்டும். யாரை அனுப்புறே, சொல்லு."

அந்தக் கேள்விக்குத்தான் ட்ரேட் மெஷின் வேண்டும். டுரான்டுக்கு 2025-26 சம்பளம் 5.47 கோடி டாலர். ஸ்பர்ஸில் டெவின் வாசெல் சுமார் 2.7 கோடி, ஹாரிசன் பார்ன்ஸ் 1.9 கோடி, கெல்டன் ஜான்சன் 1.75 கோடி. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்திருக்கும் வரம்புகளில் ஒன்றான முதல் ஏப்ரனுக்குக் கீழே இருக்கும் அணி இவ்வளவு பெரிய ட்ரேடில் அனுப்பும் சம்பளத்தில் 125 சதவீதமும் அதற்கு மேல் சின்னத் தொகையும் வாங்கிக்கொள்ளலாம். வாசெல்லும் பார்ன்ஸும் போனால் கணக்கு பொருந்துகிறது. வாசெல்லை வைத்துக்கொண்டு பார்ன்ஸும் ஜான்சனும் போனால் பொருந்தவில்லை, இன்னும் ஓர் ஆள் சேர வேண்டும். அதற்குமேல் ஃபீனிக்ஸ் பிக் கேட்கும். இரண்டாவது பிக்கையே கேட்டால்? இப்படி ஒவ்வொரு பெயராக எடுத்து வைக்கும்போது "டுரான்ட் வந்தால்" என்ற ஒற்றை வரி ஆறேழு நிஜமான கேள்விகளாகப் பிரிந்துவிடும். சத்தமும் தானாகக் குறையும்.

ஒரு நுணுக்கம், பலருக்கு இது தெரிவதில்லை. ஜூனில் பேசி முடித்த ட்ரேடாக இருந்தாலும் ஜூலை 6-க்குப் பிறகு அதிகாரபூர்வமானால் புதிய பருவத்துச் சம்பளம்தான் கணக்கு. மெஷினில் பழைய பருவத்துச் சம்பளத்தை வைத்துவிட்டு "செல்லாது" என்று சிவப்பு வந்ததும் பேச்சை முடித்துவிடாதீர்கள். டுரான்டின் ட்ரேடே அப்படித்தான் ஜூனில் முடிவாகி ஜூலையில் கையெழுத்தானது. கடைசியில் ஜேலன் கிரீன், டிலன் ப்ரூக்ஸ், பத்தாவது பிக், இரண்டாம் சுற்று பிக்குகள் என்று கொடுத்து ஹூஸ்டன் அவரை எடுத்துக்கொண்டது.

ட்ரேட் மெஷினின் குறை என்னவென்றால், விதி அனுமதிக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். எதிரில் இருக்கும் அணி எதற்காக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே கேட்காது. பச்சை விளக்கு எரிந்துவிட்டால் ட்ரேட் முடிந்த மாதிரி ரசிகர்கள் துள்ளுவது அதனால்தான். மறுபுறம், 2025 பிப்ரவரியில் தன் இளம் நட்சத்திரம் லூகா டான்சிச்சை ஆந்தனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ஆம் ஆண்டின் ஒரு முதல் சுற்று பிக் ஆகியவற்றுக்கு டல்லாஸ் கொடுத்ததே, அந்த யோசனையை யாராவது முன்பே சொல்லியிருந்தால் வாயை மூடு என்றுதான் சொல்லியிருப்போம். எதிரணியின் நெருக்கடி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேறொன்று வேண்டும்.

நான் இப்போது முதலில் திறப்பது அதைத்தான். ஒவ்வொரு அணிக்கும் யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எந்தக் கோடையில் முடிகிறது, எந்த பிக் யாரிடம் இருக்கிறது, அதில் என்ன நிபந்தனை என்று காட்டும் பட்டியல். பார்க்க வறட்சியாக இருக்கும், வீட்டு மளிகைக் கணக்கு நோட்டு மாதிரி. ஆனால் ஆஃப்சீசனில் நடப்பவற்றில் முக்கால்வாசிக்குக் காரணம் அங்கேதான் கிடைக்கும்.

2024 டிராஃப்ட் இரவை எடுத்துக்கொள்வோம். பெர்ட்டிலை மறுபடி டொரன்டோவுக்கே அனுப்பிய ட்ரேடில் ஸ்பர்ஸுக்கு ஒரு பிக் வர வேண்டியிருந்தது. முதல் ஆறுக்குள் விழுந்தால் டொரன்டோவே வைத்துக்கொள்ளும் என்று நிபந்தனை. லாட்டரியில் டொரன்டோ ஆறிலிருந்து எட்டுக்கு இறங்கியதால் அது ஸ்பர்ஸ் கைக்கு வந்தது. அந்த எட்டாவது பிக்கில் ராப் டில்லிங்ஹாம் பெயரை அறிவித்தார்கள். கார்ட் கிடைத்துவிட்டார் என்று நாங்கள் கொண்டாடி முடிப்பதற்குள் அவரை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு 2031-ஆம் ஆண்டின் முதல் சுற்று பிக், நிபந்தனை இல்லாமல், கூடவே 2030-இல் ஒரு ஸ்வாப் (பிக்குகளை மாற்றிக்கொள்ளும் உரிமை). ஏழு ஆண்டு கழித்து வரப்போகும் பிக்கா? அன்று காலை ரசிகர்கள் கொதித்தார்கள். கோபம் எனக்குப் புரிகிறது. 22 வெற்றி, 60 தோல்வி என்று இரண்டு பருவம் அடுத்தடுத்து பார்த்தவர்களுக்கு 2031 என்பது வேறு யுகம்.

ஆனால் மினசோட்டாவின் ஒப்பந்தப் பட்டியலைத் திறந்தால் விஷயம் வேறு மாதிரித் தெரியும். அவர்கள் முதல் ஏப்ரனைவிட உயர்ந்த வரம்பான இரண்டாவது ஏப்ரனுக்கு மேலே போகப்போகிறார்கள். அங்கே போன அணி ட்ரேடில் இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, பணம் சேர்த்து அனுப்ப முடியாது, வெளியாட்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் கொடுக்க வழியில்லை. மலிவான இளைஞர் ஒருவரைப் பிடிக்க டிராஃப்ட்தான் அவர்களுக்கு மிச்சமிருந்த கதவு. அந்த அவசரத்துக்கு ஸ்பர்ஸ் விலை வைத்தது. ஏழு ஆண்டுதான் விதி அனுமதிக்கும் எல்லை, அந்த எல்லைக்கே போய் எடுத்தார்கள். 2031-இல் வெம்பன்யாமாவுக்கு 27 வயது. அது நல்ல ட்ரேட் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

நிபந்தனைகளைப் படிக்காமல் "மூன்று முதல் சுற்று பிக்" என்று எண்ணுவதும் ஆபத்து. 2022-இல் டெஜான்டே மரேயை அட்லாண்டாவுக்கு அனுப்பியபோது அப்படித்தான் செய்தி வந்தது. அதில் ஒன்று சார்லட்டின் பிக். சார்லட் ப்ளேஆஃபுக்குள் வராத வரை அது கைக்கு வராது, 2025-க்குள் வராவிட்டால் வெறும் இரண்டாம் சுற்று பிக்குகளாகச் சுருங்கிவிடும். சுருங்கியும் போனது. அட்லாண்டாவின் சொந்த பிக்குகளுக்கு அந்த நிபந்தனை இல்லாததால் 2025-இல் 14-ஆவது இடத்தில் கார்ட்டர் பிரையன்ட் வந்தார்.

டுரான்ட் விவாதத்திலும் எனக்குப் பதில் கிடைத்தது இந்தப் பட்டியலில்தான். முதல் சுற்றில் வருகிறவருக்கு ஒப்பந்தம் நான்கு ஆண்டு, கடைசி இரண்டு ஆண்டு அணியின் விருப்பம். வெம்பன்யாமாவுக்கு 2027-இல் முடியும், காசிலுக்கு 2028-இல், இரண்டாவது பிக்கில் வந்த டிலன் ஹார்ப்பருக்கு 2029-இல். டி'ஆரன் ஃபாக்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 22 கோடி டாலருக்கு மேலான நீட்டிப்பு 2026-27-இல் தொடங்குகிறது. காசில், ஹார்ப்பர், ஃபாக்ஸ் என்று மூன்று கார்டுகள் எதற்கு, ஒருவரை விற்றுவிடலாமே என்று இன்னும் கேட்கிறார்கள். ஹார்ப்பரின் முதல் ஆண்டுச் சம்பளம் சுமார் 1.2 கோடிதான். மற்றவர்களின் சம்பளம் வருடத்துக்கு ஒன்றாக ஏறும்போது, 2029 வரை இந்தச் சம்பளத்தில் நல்ல கார்ட் ஒருவர் அணியில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி! 36 வயது நட்சத்திரத்துக்காக அதைக் கொடுத்திருந்தால் 2027-இல் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று எழுதிப் பார்க்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். உங்கள் அணியின் முக்கியமான ஐந்து பேரின் ஒப்பந்தம் முடியும் ஆண்டை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் வரவேண்டிய பிக்குகளையும் அவற்றின் நிபந்தனைகளையும் எழுதுங்கள். அப்புறம் ட்ரேட் மெஷினைத் திறக்கலாம். மாக் டிராஃப்டை லாட்டரி முடியும்வரை தொட வேண்டாம், எந்த அணி எங்கே எடுக்கப்போகிறது என்றே தெரியாமல் எழுதிய ஊகம் அது.

என் தாளில் 2027 கோடைக்கு நேராக இரண்டு வரி இருக்கிறது. வெம்பன்யாமாவின் புதுமுக ஒப்பந்தம் முடிந்து பெரிய சம்பளம் தொடங்குவது அன்றுதான். மரே ட்ரேடில் கிடைத்த அட்லாண்டாவின் கடைசி பிக், நிபந்தனை ஏதும் இல்லாமல் வருவதும் அதே கோடையில்தான். செலவு ஏறும் ஆண்டிலேயே நான்கு ஆண்டுக்கு மலிவான ஓர் ஆள் கிடைப்பார். அதனால் இப்போதெல்லாம் ஸ்பர்ஸ் ஆட்டம் இல்லாத நாளில் அட்லாண்டா ஹாக்ஸ் ஆட்டத்தைப் போட்டு, எதிரணிக்குக் கைதட்டுகிறேன்.