ஞாயிறு போக ஆறு நாட்கள்: ஒரு கடற்கரைப் பங்கைப் பற்றிய மதிப்பீடு

வங்கிப் பணியில் இடமாறுதல் பெற்று, தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரை ஊருக்குக் குடும்பத்துடன் வந்து 18 மாதங்கள் ஆகின்றன. வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி, குடிதண்ணீர் வசதி ஆகியவற்றையெல்லாம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்ட எனக்கு, இந்த ஊர்க் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகம்) எப்படிப்பட்டது என்று சொல்ல மட்டும் ஒருவரும் கிடைக்கவில்லை. கோயிலுக்கு மதிப்பெண் போடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, மதிப்பெண் போடும் துணிச்சல் எனக்கும் இல்லை. ஆனால் பங்கு என்பது பீடத்தோடு முடிந்துவிடுவதில்லை. அலுவலகம், பதிவேடு, மறைக்கல்வி, நோயாளர் சந்திப்பு, ஒலிபெருக்கி, கணக்கு வழக்கு என்று வாரம் முழுவதும் இயங்கும் ஓர் அமைப்பு அது. வருடந்தோறும் பங்குக்குத் தலைக்கட்டு வரி (குடும்ப வரி) செலுத்துகிற ஒருவன் அந்த அமைப்பைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை என்றே கருதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் ஊரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

நான் பிறந்தது திண்டுக்கல் பக்கத்து வேளாண் கிராமம் ஒன்றில். அங்கே ஞாயிறு திருப்பலிக்குப் போய்வந்தால் அந்த வாரத்துக் கோயில் வேலை முடிந்தது. இங்கே நிலைமை வேறு. இக்கடற்கரை மக்கள் 1535-ஆம் ஆண்டை ஒட்டித் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறத் தொடங்கியவர்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து அவர்களிடையே ஊர் ஊராக நடந்து மறைபரப்பினார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழக்கம் ஊரின் நாட்காட்டியையே மாற்றி வைத்திருக்கிறது. ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்பது இங்கே எழுதப்படாத சட்டம். அன்று வள்ளங்களும் நாட்டுப் படகுகளும் கரையேறிக் கிடக்க, மறுநாள் விடியுமுன்பே ஊர் கடலில் இருக்கும். ஆகவே இந்தப் பங்கின் வாரம் திங்கட்கிழமை விடியற்காலையில் தொடங்குகிறது என்றும், ஞாயிறு அதன் ஓய்வுப் பகுதி என்றும் எனக்குப் புரிவதற்குச் சில மாதங்கள் ஆயின.

ஞாயிற்றைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பங்கின் பலவீனமான நாள் அதுதான். காலை 5.30 மணிக்கும் 7.30 மணிக்கும் இரண்டு திருப்பலிகள். இரண்டிலும் கோயில் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நிற்கிறார்கள். வாசகம் வாசிப்போர் தெளிவாக வாசிக்கிறார்கள். பதிலுரைப் பாடலை மக்கள் உரக்கப் பாடுகிறார்கள். ஆனால் மறையுரை, அதாவது பிரசங்கம், நான் கடிகாரம் பார்த்த நாட்களில், 20 நிமிடங்களுக்குக் குறைந்ததில்லை. எட்டு நிமிடத்தைத் தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று 2024 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் அருள்பணியாளர்களுக்குச் சொன்னது இந்தக் கடற்கரைக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கொரு நற்செய்தியாக மூன்றாண்டுச் சுழற்சியில் வாசகங்கள் அமைக்கப்பட்டிருக்கும்போது, அன்று வாசித்த பகுதியைத் தொடாமலேயே பேசி முடிப்பதுதான் எனக்கு வருத்தம். அதற்குப் பிறகு வரும் அறிவிப்புகள் தனி அத்தியாயம். திருமண ஓலை வாசிப்பது அவசியம். திருவிழா நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலை மூன்று வாரம் தொடர்ந்து வாசிப்பது அவசியமா? ஒலிபெருக்கியோ கடற்காற்றில் பாதிச் சொற்களை விழுங்கிவிடுகிறது. வாசலில் நிற்பவர்களுக்கு மறையுரையில் ஒரு சொல்லும் கேட்பதில்லை. கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கிகள் விடியற்காலையில் போடும் பாட்டு மட்டும் ஊருக்கு வெளியே நெடுந்தொலைவு கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்தால் அதே கோயிலா என்று வியக்கவேண்டியிருக்கும். பதுவை அந்தோனியார் 1231 ஜூன் 13-இல் இறந்து, அடுத்து வந்த செவ்வாயன்று அடக்கம் செய்யப்பட்டார் என்பதிலிருந்து வந்த செவ்வாய் நவநாள் (தொடர் வேண்டுதல் வழிபாடு) வழக்கம், உவரி போன்ற தலங்களில் பெருங்கூட்டமாகவும் எங்கள் பங்கில் சிறு கூட்டமாகவும் இன்றும் நடக்கிறது. வருகிறவர்களில் கணிசமானோர் பக்கத்து ஊர்களைச் சேர்ந்த இந்துக்கள். அவர்களுக்கு எந்த இடத்தில் எழுந்து நிற்பது, எங்கே மெழுகுதிரி ஏற்றுவது என்று சொல்வதற்கென்றே இரண்டு மூதாட்டிகள் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அவர்களை நியமிக்கவில்லை. நவநாள் முடிந்ததும் வேண்டுதல் நிறைவேறிய குடும்பம் எதுவோ அதன் செலவில் அசனம் நடக்கும். சோறும் சாம்பாரும் ஒரு கூட்டும்தான். பந்தியில் யார் எவர் பக்கத்தில் உட்கார்வது என்ற கேள்வி எழுவதில்லை. வரவேற்பு என்ற ஒரு தலைப்பில் மட்டும் மதிப்பெண் தரச்சொன்னால், செவ்வாய்க்கு முழு மதிப்பெண்ணையும் தந்துவிடுவேன்.

புதன்கிழமை சகாய மாதா நவநாளும் வியாழக்கிழமை நற்கருணை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) ஆராதனையும் ஒழுங்காக, ஆரவாரமின்றி நடக்கின்றன. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையைச் சற்று நின்று சொல்லவேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பாரே-லெ-மோனியால் மடத்தில் வாழ்ந்த மார்கரீத் மரியாவின் வழியாகப் பரவிய திரு இருதய பக்தி, இங்கே நோயாளர் சந்திப்பாக உருமாறி நிற்கிறது. உதவிப் பங்குத்தந்தை காலை 8 மணிக்கு நற்கருணைப் பேழையுடன் புறப்பட்டு, படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகிறார். முன்னால் ஒரு பீடச்சிறுவன் கைமணி அடித்துக்கொண்டு நடக்கிறான். மணிச்சத்தம் கேட்டதும் தெருவில் மீன் உலர்த்திக்கொண்டிருக்கும் பெண்கள் எழுந்து முக்காடு போட்டு நிற்கிறார்கள். சென்ற மழைக்காலத்தில் என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த நான்கு மாதங்களிலும் அந்த மணி எங்கள் வாசலில் நிற்காமல் போனதில்லை. நாங்கள் கேட்டு வைத்ததல்ல அது. அடுத்த தெரு அன்பியத் தலைவி பெயரைக் கொடுத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பங்கை ஒருவருக்கு நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் அந்த அன்பியங்கள்தாம். தெருவாரியாக முப்பது முப்பத்தைந்து குடும்பங்களைச் சேர்த்த குழுக்கள்; வாரம் ஒரு வீட்டில் மாலையில் கூடி, செபமாலை சொல்லி, வரும் ஞாயிறின் நற்செய்தியை வாசித்துப் பேசுவார்கள். பேச்சு பத்து நிமிடத்தில் வசனத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கிவிடும். மூன்று நாளாகத் தண்ணீர் வராதது, கரை திரும்பாத படகு, கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாத பெண், குடித்துவிட்டு அடிக்கிற கணவன் என்று எல்லாம் அங்கே வரும். ஞாயிறு மறையுரையில் நான் எதிர்பார்த்து ஏமாந்த விளக்கத்தை, எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஒரு மீன் வியாபாரப் பெண்மணியிடம் ஒரு வியாழக்கிழமை இரவு கேட்டேன். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் அகப்படவில்லை என்று பேதுரு சொல்லும் பகுதி அன்று. வெறும் வலையோடு கரையேறுகிறவனிடம் மறுபடியும் ஆழத்துக்குப் போ என்று சொல்வதென்றால், முதலில் அவன் டீசலுக்கு வாங்கிய கடனைப் பற்றிக் கேட்டிருக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது, கூடத்தில் இருந்த ஆண்கள் அனைவரும் தலையாட்டினார்கள்.

பக்த சபைகளில் வின்சென்ட் தே பவுல் சபையை மட்டும் குறிப்பிடுகிறேன். 1833-இல் பாரிஸ் நகரில் ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய முறை இன்னும் மாறவில்லை. வாரக் கூட்டத்தின் முடிவில் இரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. பிறகு இருவர் இருவராக ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். அரிசியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடாமல் உள்ளே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதை நான் ஒருமுறை உடன் சென்று பார்த்தேன். நிழற்படம் எடுக்கும் வழக்கம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி அலுவலகம். அறிவிப்புப் பலகையில் காலை 9 முதல் 12 வரை, மாலை 4 முதல் 6 வரை, திங்கள் விடுமுறை என்று அழகாக எழுதியிருக்கிறது. என் மகனின் புதுநன்மைக்காக (முதன்முறை நற்கருணை பெறுவதற்காக) பெயர் பதிய நான் ஐந்து முறை போகவேண்டியிருந்தது. முதல் முறை கதவு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை, தாய்ப் பங்கிலிருந்து திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அது நியாயமான கோரிக்கை. திருமுழுக்குப் பதிவேடு என்பது ஒரு கத்தோலிக்கரின் வாழ்நாள் ஆவணம். பிற்காலத்தில் பெறும் உறுதிப்பூசுதலும் திருமணமும் அதே பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்படவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் சான்றிதழோடு போன மூன்றாம் முறை, எங்கள் அன்பியத் தலைவியின் கையொப்பமும் வேண்டும் என்றார்கள். நான்காம் முறை, வரி பாக்கி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார்கள். இவை அனைத்தையும் ஒரே துண்டுத் தாளில் எழுதி வாசலில் ஒட்டியிருந்தால் மூன்று நடை மிஞ்சியிருக்கும். “சாமி வரட்டும் சார்” (சாமி என்றால் பங்குத்தந்தை) என்பதே பெரும்பாலான கேள்விகளுக்குக் கிடைத்த விடை. சவேரியார் இக்கடற்கரையை விட்டு நகரும்போது ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்தி, தாம் இல்லாத நாட்களில் செபத்தையும் திருமுழுக்கையும் அவர்களிடம் ஒப்படைத்துச் சென்றார். சாமி வராவிட்டாலும் வேலை நடக்கவேண்டும் என்று அன்றே ஏற்பாடு செய்யப்பட்ட கரையில் இந்த நிலை.

திருப்பலிக் கருத்துகளை, அதாவது காணிக்கை கொடுத்து இன்னாருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கேட்கும் வேண்டுதல்களை, கையாளும் முறையும் எனக்கு உடன்பாடாக இல்லை. ஒரு நாள் திருப்பலியில் பதினான்கு பெயர்கள் வாசிக்கப்பட்டதை எண்ணியிருக்கிறேன். தனித்தனியே காணிக்கை பெற்ற கருத்துகளைத் தனித்தனித் திருப்பலிகளில் நிறைவேற்றவேண்டும் என்பது அதே சட்டத் தொகுப்பின் 948-ஆம் பிரிவு. பலவற்றை ஒன்றாகச் சேர்ப்பதானால், கொடுப்பவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லி அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும் என்று 1991-இல் வெளியான வத்திக்கான் ஆணை விதித்தது; 2025-இல் வந்த புதிய ஆணையும் அந்தச் சம்மதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. என் தந்தையின் நினைவுநாளுக்கு எழுதிக்கொடுத்தபோது அப்படி எதுவும் என்னிடம் சொல்லப்படவில்லை. கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சொல்லியிருந்தால் மகிழ்ச்சியோடு சம்மதித்திருப்பேன்.

கணக்கு விஷயத்தில் ஒரு விசித்திரம். திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, கொடிமரத்து வர்ணம் முதல் வாணவேடிக்கை வரை ஒவ்வொரு ரூபாயும் வாசிக்கப்படுகிறது; ஊரே கூடி நின்று கேட்கிறது. ஆண்டு முழுவதும் வருகிற வாரக் காணிக்கையின் கணக்கை ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தாகவேண்டும் என்று சட்டத் தொகுப்பின் 537-ஆம் பிரிவு சொல்கிறது. இங்கேயும் அது இருக்கிறது, கூடுகிறது, ஆனால் அதன் குரல் பீடத்துக்கு இப்பால் வந்து சேர்வதில்லை. திருவிழாவுக்குக் காட்டும் அக்கறையில் கால் பங்கை ஒரு கரும்பலகையில் மாதமொருமுறை காட்டினால் போதும்.

மறைக்கல்வி நன்றாக நடக்கிறது. ஆசிரியர்கள் ஊதியமின்றி வேலை செய்யும் இளைஞர்கள். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் ஒரு மணி நேரம். என் மகன் திண்டுக்கல் பக்கம் மனப்பாடம் செய்த செபங்களுக்கு இங்கேதான் பொருள் தெரிந்துகொண்டான். வகுப்பறைகளில் மின்விசிறி இல்லை என்பதை மே மாதத்தில் சேர்பவர்கள் கவனிக்கவும்.

புதிதாக இந்தக் கரைக்கு மாறி வருகிறவர்கள் ஞாயிறு திருப்பலிக்குப் போய்விட்டு இப்பங்கைப் பற்றி முடிவு செய்துவிட வேண்டாம். முதலில் எந்த அன்பியத்தின் எல்லைக்குள் உங்கள் வீடு வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அந்த வாரக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பெயரும் கைப்பேசி எண்ணும் அங்கேயே எழுதிக்கொள்வார்கள். அலுவலகத்துக்குப் போவதாக இருந்தால் செவ்வாய் மாலை நவநாளுக்கு அரை மணி முன்னதாகப் போவது நல்லது. அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கிறது, சாமியும் இருக்கிறார்.