அறையும் வேலையும் ஒரே இடத்தில்: திருகோணமலை விடுதி ஒன்றில் இருந்தவள் எழுதுவது

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது ஏன் என்று கீழே வரும். விடுதியின் பெயரையும் ஒழுங்கையையும் எழுத மாட்டேன். அங்கே இருக்கிற பெண்களில் சிலரைத் தேடித் திரிகிற ஆட்கள் இதே டவுனுக்குள் இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் போன் இருக்கிறது. இடம் தேவைப்படுகிறவர்கள் உங்கள் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள், எனக்கும் அப்படித்தான் தெரிய வந்தது. அடி உதை என்று அவசரமாக இருந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு எடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற, கையில் காசில்லாத பெண்களுக்கு ஒரு அறை, பிள்ளையைப் பார்க்க ஆள், ஒரு பயிற்சி, பிறகு ஒரு வேலை. இதுதான் அவர்கள் தருவது. ஆகக் கூடியது இரண்டு வருஷம் இருக்கலாம். நான் இருந்த காலத்தில் மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். மனிசன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர், கொழும்புக்கு வேலைக்குப் போன மனிசன் அங்கேயே வேறு குடும்பம் எடுத்தவர், விவாகரத்து ஆனவர், கலியாண எழுத்தே எழுதாமல் ஏமாந்தவர். அவராகச் சொன்னால் ஒழிய ஒருவரிடம் ஒருவர் பழைய கதை கேட்பதில்லை, அது எனக்கு நிரம்பப் பிடித்தது, ஏனென்றால் வெளியே பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற ஆள் கூட மனிசன் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கதைக்கும்.

இதை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், எங்கள் மாவட்டத்தில் சுனாமிக்குப் பிறகும் சண்டைக்குப் பிறகும் வந்த வாழ்வாதார உதவியில் நான் கண்டது முக்கால்வாசி ஒரே அச்சு. தையல் மெஷின், கோழிக்குஞ்சு, ஆடு, இல்லாவிட்டால் கடன். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று பதிந்துவிட்டு மெஷினைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். ஒரு ஒழுங்கையில் ஆறு மெஷின் இருந்தால் யார் யாருக்குச் சட்டை தைப்பது? அதுவும் வாடகை வீடென்றால், வாடகை முட்டி வீடு மாறுகிற அன்றைக்கு முதலில் விலைப்படுவது அந்த மெஷின்தான். கடன் அதைவிட மோசம். கிழமைக்குக் கிழமை வந்து, காசு வைக்கும் வரை முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிற ஆட்களை இந்தப் பக்கத்தில் தெரியாத பெண் இல்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ய முடிவெடுத்தது, திருகோணமலையும் அதில் ஒன்று. நல்லது. ஆனால் கடன் எடுக்க வைத்த காரணம் தள்ளுபடி ஆகவில்லையே, ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்த ஆட்களை அதற்குப் பிறகும் கண்டிருக்கிறேன்.

கிழக்கில் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். அதனால் மனிசன் போனாலும் கூரை போகாது, அம்மா பக்கத்து வளவில் இருப்பார், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடலாம். அந்த வீடு இல்லாத பெண்தான் இந்த விடுதிக்கு வருகிறவள். சண்டையில் இடம்பெயர்ந்து அம்மாவின் காணியே கை விட்டுப் போயிருக்கும், அல்லது காணி அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணியாக இருந்து அண்ணன் தம்பியின் பெயருக்குப் போயிருக்கும். 1935ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தில் வாரிசு வரிசை ஆண் பிள்ளையை முன்னுக்கு வைத்திருந்தது, 2022இல்தான் திருத்தினார்கள், அதற்கு முன்பே கைமாறினது மாறினதுதான்.

இனி உள்ளே. அறை சின்னது, இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு ஃபேன், ஜன்னலுக்கு நுளம்பு வலை அடித்திருக்கிறது. சுவர் மெல்லிசு, பக்கத்து அறைப் பிள்ளை இருமினால் உங்கள் பிள்ளை எழும்பும். தண்ணீர் பிரச்சினை இல்லை. குசினி பொது. அதிகாலை நாலரைக்குப் போய்ப் பாருங்கள், நான்கு அடுப்பு, ஒன்பது பெண்கள், ஒருவர் இடியப்பம் பிழிய, ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் நேற்றுப் பாணை வாட்டிக்கொண்டே இடுப்புப் பிள்ளையை ஆட்ட, எல்லோர் கண்ணும் அடுப்பில். கதவுக்குப் பின்னால் சணல் கயிற்றில் ஒரு கொப்பி தொங்கும், யார் எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினார், எப்போது அணைத்தார் என்று அதில் எழுத வேண்டும், மாத முடிவில் காஸ் சிலிண்டர் காசு அதன்படி பிரியும். அந்தக் கொப்பியால் வந்த சண்டை கொஞ்சநஞ்சமில்லை. "பிள்ளை, நீ பருப்பு அவிச்சது இருபது நிமிஷம், பத்து எண்டு எழுதியிருக்கிறாய்" என்று ஒரு மூதூர் அம்மா என்னை எல்லோருக்கும் முன்னால் கேட்டார். ஆனால் 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற எவரும் அந்தக் கொப்பியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கிண்ணியா ராத்தா ஒருவர் மனிசன் மௌத்தாகி, இருந்த வாடகை வீட்டையும் விடவேண்டி வந்து, இத்தாவில், அதாவது மனிசன் மௌத்தானால் வெளியே போகாமல் இருக்கிற காலத்தில், வந்து சேர்ந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் அவரை வேலை, பயிற்சி, கூட்டம் என்று ஒன்றுக்கும் கூப்பிடவில்லை, கடைக்குப் போய் வருகிறதை நாங்கள் பார்த்துக்கொண்டோம். இந்த ஒரு விஷயத்துக்காகவே பொறுப்பாளர் மிஸ்ஸுக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். வேறு இடமென்றால் திட்டக் காலம் ஓடுகிறது என்று சொல்லியிருப்பார்கள்.

பிள்ளைப் பராமரிப்புத்தான் முழு விடுதிக்கும் முதுகெலும்பு, பயிற்சியும் அல்ல, அறையும் அல்ல. காலை ஆறரைக்குத் திறக்கும். மூதூரில் இருந்துகொண்டே டவுனில் வேலை செய்யலாமே என்று கேட்பார்கள், கிண்ணியாப் பாலமும் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு பஸ்ஸில் வரலாம்தான், ஆனால் ஏழு மணி வேலைக்கு வருகிற தாய் பிள்ளையை எத்தனை மணிக்கு எழுப்புவது, யாரிடம் விடுவது? இங்கே அறையிலிருந்து பிள்ளைகள் இருக்கிற மண்டபம் பத்து எட்டு. காய்ச்சல் என்றால் மட்டும் எடுக்க மாட்டார்கள், அது நியாயம், என்றாலும் அன்றைய சம்பளம் போய்விடும்.

இப்போது குறை. பயிற்சி பழைய பாட்டு. கேக் ஐசிங், தையல், அழகுக்கலை. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கிற பயிற்சி என்று பார்த்தால் நான் இருந்தபோது ஒன்றே ஒன்றுதான், ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங், மூன்றாம் மட்டம். நான் அதைத்தான் எடுத்தேன், நன்றாகவே சொல்லித் தந்தார்கள், கட்டில் விரிப்பை மூலையில் மடித்துச் செருகுகிற விதம் இப்போதும் கை மறக்கவில்லை. வேலையும் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கிடைத்தது. ஆனால் எங்கள் கரையில் சீசன் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பரோடு சரி, வாடைக்காற்று வந்தால் நிலாவெளி வரைக்கும் அறைகள் காலி, முதலில் நிறுத்துவது எங்களைப் போன்ற ஆட்களை. இது ஊரில் நண்டு பிடிக்கிற பெடியனுக்கும் தெரிந்த கணக்கு. பயிற்சித் திட்டம் எழுதின ஆட்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனதோ.

அடுத்தது கேட். இரவு ஏழுக்குப் பூட்டு. ஹோட்டலில் பின்னேர ஷிப்ட் முடியவே எட்டாகும். அவர்களே பயிற்சி தந்து, அவர்களே வேலை எடுத்துத் தந்து, பிறகு அந்த வேலை முடிகிற நேரத்துக்கு அவர்களே கேட்டையும் பூட்டினால் என்ன செய்வது? ஒவ்வொரு நாளும் கடிதம் காட்டி உள்ளே போனோம். பாதுகாப்பு முக்கியம், ஒத்துக்கொள்கிறேன், ஒருமுறை ஒருவரின் மனிசன் குடித்துவிட்டு வந்து கேட்டை உதைத்ததும் நினைவிருக்கிறது. அதற்கு வேண்டியது இரவுக் காவலாளி. வேலைக்குப் போய் வருகிற பெண்ணை வாசலில் வைத்துக் கேள்வி கேட்பதால் யாருக்குப் பாதுகாப்பு? ஐந்தில் ஒன்றைக் குறைத்தது இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

வேலை தேடித் தருகிற மிஸ் வேறு ரகம். அவரிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள், ஒரு போன், கடைக்காரர், பேக்கரிக்காரர், பாமசிக்காரர் எல்லோருடைய நம்பரும். சம்பளம் பேசும்போது கூடவே வந்து இருப்பார். "பாவம், தனியா இருக்கிற பிள்ளை, ஏதாவது பார்த்துக் கொடுக்கிறேன்" என்று முதலாளி தொடங்கினால், பாவம் பார்க்க வேண்டாம் ஐயா, சட்டப்படி பாருங்கள் என்பார். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 30,000, ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தால் முதலாளி தன் பக்கத்தில் 12 வீதம் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு அவர் வாயால்தான் தெரியும். சில கடைக்காரர்கள் அவரைக் கண்டாலே உள்ளே போய்விடுவார்கள். என்னை ஹோட்டலிலிருந்து எடுத்து டவுனில் ஒரு பலசரக்குக் கடைக் காசுமேசையில் இருத்தியவர் அவர்தான், மாதம் முடிய சம்பளம், வருஷம் முழுக்க வேலை, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பத்து நிமிஷம் ஓடிப் போய் வரலாம். சுயதொழில் சுயதொழில் என்று சொல்கிறவர்கள் மாதச் சம்பளத்தின் அருமையைத் தெரியாதவர்கள். வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சிக்காரன் என்னையும் கேட்டான். முன்பு ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் விட மாட்டார்கள், 2022இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள், உங்கள் சின்னவருக்கு இரண்டு முடிந்துவிட்டதே அக்கா என்றான். வேலை மிஸ் கிடைக்காமல் இருந்திருந்தால் போயிருப்பேன்.

பிள்ளைகளின் செலவுக்குக் காசு கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போட உதவி செய்வார்கள், நீதவான் நீதிமன்றத்துக்கு எங்களோடு கூடவே வருவார்கள். எனக்கு உத்தரவு கிடைத்தது, காசு ஒழுங்காக வருகிறதா என்று கேட்காதீர்கள்.

காசுக் கணக்கு. நான் மாதம் 4,000 கட்டினேன், வேலை கிடைக்கும் வரை இல்லை. அதில் பாதியை உங்கள் பெயரில் வங்கியில் போடுவார்கள், வெளியே போகும்போது வீட்டு முற்பணத்துக்கு என்று. நல்ல யோசனை, ஆனால் குறுக்கே கணக்குப் பாருங்கள், இரண்டு வருஷம் ஒரு மாதம் தவறாமல் கட்டினாலே 48,000. ஒரு அறையும் குசினியும் உள்ள அனெக்ஸ் 12,000க்கு அகப்பட்டாலும் ஆறு மாத முற்பணம் 72,000. மிச்சத்துக்கு எங்கே போவது, மறுபடி கிழமைக் கடனா? எனக்கு அவர்கள் வீட்டுக்காரரோடு கதைத்து மூன்று மாதமாகக் குறைத்துத் தந்தார்கள், பொறுப்பாளர் மிஸ் சாட்சியாகக் கையெழுத்தும் வைத்தார். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குத் தர யோசிக்கிறேன் என்ற வீட்டுக்காரர், அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. இது எல்லோருக்கும் அமைவதில்லை. என்னோடு இருந்த ஒருவர் முற்பணம் சேராமல் திரும்பவும் அக்காவின் வீட்டு விறாந்தைக்கே போனார், இரண்டு வருஷத்துப் பாடும் அந்த விறாந்தையில் போய் நின்றது. நன்கொடை கொடுக்கிற வெளிநாட்டு ஆட்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த தையல் மெஷினுக்குப் பதிலாக இந்த முற்பணத்துக்கு ஒரு சுழற்சி நிதி போடுங்கள்.

யார் போகலாம்? சின்னப் பிள்ளை உள்ளவர்கள், டவுனில் சொந்தம் இல்லாதவர்கள் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். பதினைந்து வயது தாண்டிய ஆண் பிள்ளை இருந்தால் எடுக்க மாட்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அம்மா வீட்டில் ஒரு அறை இருக்கிறவர்கள் அங்கேயே இருந்துகொண்டு வேலை மிஸ்ஸிடம் மட்டும் பெயர் பதியலாம், அதற்குக் காசு இல்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டை மூன்றையும் கொண்டு போங்கள், கடன் இருந்தால் மறைக்க வேண்டாம், அதையும் எழுதி எடுத்து வட்டி பேசிக் குறைக்கப் பார்ப்பார்கள். அறை கிடைக்கக் காத்திருக்க வேண்டும், மே, ஜூனில் ஹோட்டல் வேலை கிடைத்து ஆட்கள் வெளியேறுகிற நேரம் கேட்டால் கெதியில் கிடைக்கும்.