காரில் டிஜிட்டல் ரேடியோ, ஆக்ஸ், யுஎஸ்பி: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரியவரும் விஷயங்கள்

பழைய காரில் டிஜிட்டல் ரேடியோவும் ஆக்ஸ் (போனின் ஒலியைக் கேபிளில் வாங்கும் துளை), யுஎஸ்பி, புளூடூத் வசதிகளும் உள்ள ஹெட் யூனிட்டை, அதாவது டேஷ்போர்டில் உட்காரும் ஆடியோ செட்டை, மாட்டி நாள்கணக்கில் ஓட்டினால் ஒன்று தெளிவாகிவிடும். தொந்தரவு பெரும்பாலும் செட்டிலிருந்து வருவதில்லை. ஆன்டெனா, எர்த், வயர்கள் சேரும் இடங்கள், யுஎஸ்பி கேபிள் ஆகிய நான்கிலிருந்துதான் வருகிறது. செட்டில் ஒரு படி குறைந்த மாடலை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை இந்த நான்கிலும் போடுவது எவ்வளவோ மேல்.

வாங்கும் முன், நீங்கள் இருக்கும் நாட்டில் எந்த டிஜிட்டல் முறை ஓடுகிறது என்று பாருங்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் டிஏபி+ என்ற டிஜிட்டல் வானொலி முறை நடப்பில் இருக்கிறது. வட அமெரிக்காவில் எச்டி ரேடியோ. அது எஃப்எம், ஏஎம் அலைவரிசைகளிலேயே வருவதால் பழைய ஆன்டெனாவே போதும். இந்தியாவில் அகில இந்திய வானொலி நடுஅலையில் டிஆர்எம் முறையைப் பயன்படுத்துகிறது. ஒரு முறைக்கான செட் இன்னொன்றைப் பிடிக்காது. டிஏபி+ செட்டை இந்தியாவுக்கு எடுத்து வந்தால் அதில் பேசப்போவது சாதாரண எஃப்எம், ஏஎம் மட்டும்தான். பழைய செட் வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டிஏபி வேறு, 2007-ல் வந்த டிஏபி+ வேறு. வெறும் டிஏபி மட்டும் உள்ள செட் இன்றைய டிஏபி+ ஸ்டேஷன்களின் ஒலியைப் பிரித்தெடுக்காது. இனிச் சொல்வதெல்லாம் டிஏபி+ பற்றியது.

அளவு விஷயம் எளிது. டேஷ்போர்டின் வாய் 180×50 மி.மீ. என்றால் சிங்கிள் டின், 180×100 மி.மீ. என்றால் டபுள் டின். ஆனால் மாட்டும்போது இடிப்பது ஆழம். செட்டின் முதுகுக்குப் பின்னால் காரின் வயர்களைச் செட்டுடன் சேர்க்கும் ஐஎஸ்ஓ அடாப்டர், இரண்டு ஆன்டெனா கேபிள், யுஎஸ்பி வால், ஸ்டீரிங் பட்டனுக்கான சிறு பெட்டி என்று ஒரு கத்தை சேரும். சிடி பொறி இல்லாத மெக்லெஸ் செட்டுகள் குட்டையானவை. இடம் குறைவான டேஷ்போர்டுக்கு அவையே ஏற்றவை.

கம்பெனியிலிருந்தே தனி ஆம்ப் (ஸ்பீக்கர்களுக்குச் சக்தி கொடுக்கும் பெருக்கி) வைத்து வந்த கார் என்றால் நிதானியுங்கள். அதில் செட்டிலிருந்து ஸ்பீக்கருக்கு நேராக வயர் போவதில்லை. சில மாடல்களில் செட்டும் ஆம்ப்பும் மோஸ்ட் எனப்படும் ஒளியிழை வளையத்தில் பேசிக்கொள்ளும். அப்படிப்பட்ட காரில் செட்டைக் கழற்றாமல் தனி டிஏபி அடாப்டரை வைத்து ஆக்ஸ் வழியே கேட்பதுதான் புத்திசாலித்தனம். அடாப்டரின் ஒலியை எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வழியே செட்டுக்கு அனுப்பும் வகையைத் தவிருங்கள். எஃப்எம் ஒலி 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும், போகிற வழியில் வேறு ஸ்டேஷன் குறுக்கிடும். டிஜிட்டலுக்கு மாறியதன் பலன் அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது.

வயரிங்கில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பழைய செட்டுக்கு ரகசிய எண் இருந்தால் அதை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ கப்ளரில் பவர் பகுதியின் 4-ம் பின் நிரந்தர 12 வோல்ட், 5 ஆன்டெனா பவர், 6 விளக்கு, 7 இக்னிஷன், 8 எர்த். புதுச் செட்டின் பக்கம் இவை வரிசையாக மஞ்சள், நீலம், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு. சில கார்களில் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும். அப்படியே செருகினாலும் பாட்டு வரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாவியை எடுத்துவிட்டு மறுநாள் போட்டால் ஸ்டேஷன், ஈக்வலைசர் எல்லாம் அழிந்து செட் புதிதாய் முழிக்கும். அடாப்டரின் சிவப்பு, மஞ்சள் வயர்களுக்கு நடுவே கழற்றி மாட்டக்கூடிய புல்லட் கனெக்டர் இருந்தால் அதை இடம் மாற்றிச் செருகினால் தீர்ந்தது. மல்டிமீட்டரை வைத்து, சாவி போட்டும் எடுத்தும் இரண்டு பின்னையும் அளந்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

கேன் பஸ் (காரின் கம்ப்யூட்டர்கள் தமக்குள் தகவல் பரிமாறும் வயர் இணைப்பு) உள்ள கார்களில் இக்னிஷன் வயரே இல்லாமல் இருக்கலாம். அங்கே சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கிவிடுவது பரவலாக நடக்கிறது. செட் அணையாமல் கிடந்து பேட்டரியைக் குடித்துவிடும். கேன் அடாப்டர் ஒன்று வாங்கினால் இக்னிஷன், விளக்கு, ரிவர்ஸ், ஸ்டீரிங் பட்டன் எல்லாவற்றையும் அதுவே கொடுக்கும்.

ஸ்பீக்கர் வயர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். அந்த நெகட்டிவ் எதையும் பாடியில் எர்த் செய்யக்கூடாது. இன்றைய செட்டுகளில் இரண்டு முனையிலும் சிக்னல் ஓடுகிறது. எர்த் செய்தால் உள்ளே இருக்கும் ஆம்ப் சில்லு போய்விடும்.

வயர் சேர்க்கும் இடங்களில் சரியான கிரிம்ப் (உலோகக் குழலை அழுத்திச் சேர்ப்பது), அல்லது சால்டர் செய்து அதன் மேல் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம். டேஷ்போர்டுக்குள் சூடேறும்போது டேப்பின் பசை உருகி வழிந்து, அடுத்த கோடையில் வயர் அம்மணமாக நிற்கும். வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் வகையும் அப்படித்தான், இழைகளை அறுத்துவிட்டு அதிர்வில் மெல்லத் தளரும். கத்தை முழுவதையும் துணி டேப்பால் சுற்றுங்கள், பிளாஸ்டிக்கில் உரசிக் கடகடக்காது.

இனி ஆன்டெனா. குறைகளில் பெரும்பகுதி இங்கேதான்.

செட் மாற்றியதும் எஃப்எம் முன்பைவிட மோசமாகிவிட்டது என்று பலரும் செட்டைத் திட்டுவார்கள். கூரை ஆன்டெனாவின் அடியில் ஒரு சிறு பெருக்கி இருக்கும் கார்கள் நிறைய. கம்பெனி செட் அதற்கான மின்சாரத்தை ஆன்டெனா கேபிள் வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வாங்கும் செட் பெரும்பாலும் அப்படி அனுப்பாது. பவர் வயருடன் வரும் ஆன்டெனா அடாப்டரைப் போட்டு, அந்த வயரைச் செட்டின் நீல வயருடன் சேர்த்தால் எஃப்எம் பழையபடி திரும்பிவிடும்.

டிஏபி+ ஓடுவது 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை, செங்குத்து அலையாக. 220 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 136 செ.மீ.; அதில் கால் பங்கு 34 செ.மீ. கூரையில் இந்த நீளத்தில் நிமிர்ந்து நிற்கும் கம்பிக்கு ஈடாக எதுவும் இல்லை. செட்டுடன் இலவசமாக வரும் கண்ணாடி ஸ்டிக்கர் ஆன்டெனா, நகரத்துக்குள் சமாளிக்கும். ஊரைத் தாண்டினால் திணறும். இருக்கும் எஃப்எம் ஆன்டெனாவையே பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டரும் உண்டு. அதில் பவர் இல்லாத வகை சிக்னலில் பாதியை விழுங்கும், பவர் உள்ளதை எடுங்கள். அடிக்கடி நெடுந்தூரம் போகிறவர்கள் கூரையில் எஃப்எம், டிஏபி இரண்டுக்கும் சேர்ந்த ஆன்டெனாவைப் போட்டுவிடுவது நல்லது. கூரையின் உள்விரிப்பை இறக்க வேண்டும் என்பதால் வேலை கூடுதல்தான், ஆனால் அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஸ்டிக்கர்தான் என்று முடிவானால் அதைச் சரியாக ஒட்டுங்கள். ஓரத்துத் தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்றி, கண்ணாடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். விளிம்பில் இருக்கும் கறுப்புப் புள்ளிப் பட்டையின் மேல் ஒட்ட வேண்டாம். நீளக் கம்பி முடிந்தவரை நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தாள்தான் எர்த். அது தூணின் சுத்தமான உலோகத்தில் படிய வேண்டும். பலர் அதைப் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிவிட்டு, ஸ்டேஷன் வரவில்லை என்பார்கள். தூணில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் கேபிள் அதன் பின்புறமாகத்தான் போக வேண்டும். முன்னால் ஓடும் கேபிள் பை விரியும்போது குறுக்கே நிற்கும். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடியில் உள்ளே எதை ஒட்டினாலும் பயனில்லை, கூரைக்குத்தான் போக வேண்டும்.

செட்டின் மெனுவில் டிஏபி ஆன்டெனா பவர் என்றொரு தேர்வு இருக்கும். பெருக்கியுள்ள ஸ்டிக்கருக்கு அது ஆன் ஆக இருக்க வேண்டும். ரீசெட் செய்தால் மறுபடி பாருங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஸ்டேஷன் விட்டுவிட்டு வந்தால் டேஷ்கேமைச் சந்தேகியுங்கள். குற்றவாளி கேமராவைவிட அதன் 12 வோல்ட் சார்ஜர். உள்ளே இருக்கும் மின்மாற்றுச் சுற்று வேகமாக ஆன், ஆஃப் ஆகும்போது டிஏபி அலைவரிசை வரைக்கும் இரைச்சலைக் கக்கும். சோதிப்பது சுலபம். சிக்னல் குறைந்த இடத்தில் காரை நிறுத்தி, செட்டில் சிக்னல் தர அளவைத் திறந்து வைத்து, சார்ஜரை இழுங்கள். அளவு சட்டென்று ஏறினால் விடை கிடைத்துவிட்டது. கேமராவை மட்டும் அணைத்தால் இது தெரியாது, சார்ஜரே வெளியே வர வேண்டும். டேஷ்கேம் வயரை ஆன்டெனாவுக்கு எதிர்ப்பக்கத் தூண் வழியாக இறக்குங்கள், சார்ஜரை ஒட்டி வயரின் மேல் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் கிளிப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சார்ஜரை மாற்றுங்கள். மலிவான எல்இடி பல்புகளும் இதே வேலையைச் செய்யும்.

சிக்னல் குறையும்போது எஃப்எம் மெல்ல இரைந்து எச்சரிக்கும். டிஏபி+ கடைசி வரை சுத்தமாக ஒலித்துவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். அதன் பிழைதிருத்த முறை அப்படி. செட் பழுது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் அதே ஸ்டேஷனின் எஃப்எம்முக்குத் தாவும் வசதி செட்டில் இருக்கும். எஃப்எம்மைவிட டிஜிட்டல் ஒலி சில நொடிகள் தாமதமாக வருவதால் தாவும்போது பேச்சு முன்னும் பின்னும் குதிக்கும். சிக்னல் தள்ளாடும் சாலையில் இந்தக் குதிப்பு செய்தி கேட்பவரைப் பாடாய்ப் படுத்தும். தாவுதலை அணைத்துவிட்டு மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பது எங்கள் கருத்து.

வெளி இணைப்புகளில் ஆக்ஸின் தீராத நோய் எர்த் லூப். போனைக் கார் சார்ஜரில் போட்டு ஆக்ஸிலும் இணைத்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் ஒரு கீச்சொலி கேட்கும். செட்டின் எர்த்தும் சார்ஜரின் எர்த்தும் வேறு வேறு இடத்தில் பாடியைத் தொடுவதால், இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் கேபிளில் ஓடுகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் ஒலி நின்றால் இதுதான் காரணம். சார்ஜருக்கான பவரையும் எர்த்தையும் செட்டின் அருகிலிருந்தே எடுப்பது சரியான மருந்து. ஆக்ஸ் கேபிளின் நடுவே போடும் ஐசொலேட்டரும் கீச்சொலியை நிறுத்தும், ஆனால் மலிவானதில் இருக்கும் பொடி டிரான்ஸ்ஃபார்மர் பேஸையும் சேர்த்துக் கழித்துவிடும்.

யுஎஸ்பியில் போன் திரையைக் காட்டும் வசதி அடிக்கடி அறுந்தால், பத்துக்கு எட்டுத் தடவை கேபிள்தான் காரணம். கையுறைப் பெட்டி வரை நீட்டிப்பு கேபிள் ஓட்டினால் உள்ளே இருக்கும் பவர் இழை மெலிந்ததாக இருக்கக்கூடாது. மெலிந்த இழையில் வோல்டேஜ் இறங்கி போன் தொடர்பை விட்டுவிடும். நீட்டிப்பையும் சேர்த்து மொத்த நீளத்தை 2 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்ப்தான், மேப் ஓடும்போது அது போன் செலவழிப்பதற்கே பற்றாது. 1.5 ஆம்ப் தரும் செட்டாகப் பாருங்கள். பென் டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்தால் எந்தச் செட்டிலும் ஓடும். புளூடூத் அழைப்புக்கு செட்டின் உள்மைக்கை நம்ப வேண்டாம். வெளிமைக்கை ஸ்டீரிங்குக்கு மேலே, ஏசி துவாரத்தின் காற்று படாத இடத்தில் வையுங்கள்.

பெட்டியின் மேல் 50 வாட் × 4 என்று போட்டிருப்பதை நம்பி ஸ்பீக்கர் வாங்காதீர்கள். தனி பவர் சப்ளை இல்லாத செட்டில் கார் கொடுக்கும் 14.4 வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குத் திரிபில்லாமல் கொடுக்கக்கூடிய உச்சம் 14.4×14.4÷8, அதாவது 26 வாட்டுக்குக் கீழே. இழப்புகள் போக 18 முதல் 22 வாட் கைக்கு வரும். அதற்கு உணர்திறன் 90 டெசிபலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கரும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரும் போதும். கதவின் பெரிய ஓட்டைகளை பியூட்டைல் ஷீட்டால் அடைத்தால் பேஸ் கூடுவது உடனே தெரியும். தனி ஆம்ப் வைத்தால் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ், பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் குட்டையான எர்த், செட்டிலிருந்து ஆம்புக்கு ஒலி கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் காரின் ஒரு பக்கம், பவர் கேபிள் மறுபக்கம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு அளவு பாக்கி இருக்கிறது. பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்ப் அளவில் தொடராகப் போட்டு, கதவுகளைப் பூட்டி, காரின் கம்ப்யூட்டர்கள் உறங்கும் வரை அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுப் பாருங்கள். இடையில் சாவியைப் போட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். 50 மில்லியாம்புக்குக் கீழே நின்றால் சரி. அந்த 50 மில்லியாம்பே ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப்-அவர், 60 ஆம்ப்-அவர் பேட்டரியை 25 நாளில் பாதியாக்கிவிடும். அதிகம் காட்டினால் செட்டின் ஃப்யூஸைப் பிடுங்கிப் பாருங்கள். குறைந்துவிட்டால், முதலில் பிரிக்க வேண்டியது கேன் அடாப்டரின் இக்னிஷன் வயரும் ஆன்டெனா பெருக்கிக்குப் போகும் நீல வயரும்.