ஸ்காட்லாந்தில் காபிச் சுற்றுலா என்று நம்பி 1,480 பவுண்டைப் பறிகொடுத்தோம்: முன்பதிவு செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

மே மாதக் கடைசி வார விடுமுறையில் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் கிராமப்புறத்துக்குக் காபிச் சுற்றுலா என்று கிளம்பிய நாங்கள் நால்வரும் 1,480 பவுண்டைப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறோம். வந்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இதுவரை ஒரு பென்னிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. கோடை விடுமுறைக்கு வீடு தேடுகிறவர்கள் இந்த வாரங்களில்தான் பணம் கட்டுவார்கள் என்பதால், கோபம் ஆறட்டும் என்று காத்திராமல் இப்போதே எழுதுகிறேன். வங்கியின் விசாரணை முடியும் வரை பெயர்களை வெளியில் சொல்ல வேண்டாம் என்று என் கணவர் கேட்டுக்கொண்டதால், நாங்கள் வீடு தேடியது விடுமுறை வீடுகளைப் பட்டியலிடும் இணையத்தளம் ஒன்றில் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது லண்டனின் தெற்கே, குராய்டனில். இங்கே குழாயில் வருவது சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். கெட்டிலைத் தேய்த்துக் கழுவிய இரண்டே வாரத்தில் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். நல்ல எத்தியோப்பியக் கொட்டையை வாங்கி, எடை பார்த்து அரைத்து, எவ்வளவு பக்குவமாக வடித்தாலும், அதன் பழப்புளிப்பை இந்தத் தண்ணீர் அமுக்கிவிடும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதித் தண்ணீரோ மிகவும் மென்மையானது. கிளாஸ்கோ நகரம் 1859 முதல் லாக் கேட்ரின் ஏரித் தண்ணீரைக் குடித்து வருவதையும், அந்தத் தண்ணீரில் வடித்த காபியின் சுவையையும் என் கணவர் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மென்மையான தண்ணீரில் நாங்களே ஐந்து நாள் காபி போட்டுக் குடிக்க வேண்டும், கிராமப்புறத்தில் சின்னச் சின்னக் கூடங்களில் கொட்டை வறுப்பவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. நாத்தனாரும் அவர் கணவரும் எங்களோடு வர ஒப்புக்கொண்டார்கள்.

தேடியபோது கண்ணில் பட்டது அபர்ஃபெல்டி ஊருக்கு வெளியே, டே ஆற்றை ஒட்டிய ஒரு கல் வீடு. ஐந்து இரவுத் தங்கல், அதோடு இரண்டு நாள் வேனில் அழைத்துப்போய் மூன்று வறுப்புக் கூடங்களைக் காட்டுவது, ஒரு நாள் காபி ருசிபார்க்கும் பயிற்சி, கென்மோர் வழியாக லாக் டே ஏரிக்கரையோரமாகக் கில்லின் வரை ஒரு சுற்று என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். சமையலறைப் படத்தில் செம்பு நிற எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ஒன்று பளபளவென்று நின்றது. தளத்தின் கட்டணத்தையும் சேர்த்து மொத்தம் 1,640 பவுண்டு.

நான் இரண்டு கேள்விகள் அனுப்பினேன். பதில் எழுதிய பெண்மணி, தன் தொலைபேசி எண்ணை இலக்கங்களாக எழுதாமல் ஒவ்வொரு இலக்கத்தையும் எழுத்தால் எழுதி அனுப்பினார். இலக்கமாக எழுதினால் தளம் தடுத்துவிடும் என்பதற்காக அப்படி எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அன்று மாலை இருபது நிமிடம் பேசினோம். எந்த அரைவை மெஷின் வைத்திருக்கிறீர்கள், ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள், லண்டன் தண்ணீரை வடிகட்டியில் விட்டுப் பார்த்தீர்களா என்று அவர்தான் என்னைக் கேட்டார். வீட்டுக்குத் தண்ணீர் மலை ஓடையிலிருந்து வருகிறது, முதல் நாள் நீங்கள் கொண்டுவரும் கொட்டையையே இந்தத் தண்ணீரில் போட்டுக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் நாக்கிலேயே தெரியும் என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். எங்கள் ஆசையை எங்களைவிடத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஏமாற்றுக்காரராக இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேச்சின் கடைசியில்தான், தளத்தின் கட்டணத்தை வீணாகக் கொடுப்பானேன், நேராக வங்கிக்கு அனுப்பினால் 1,480 பவுண்டு போதும் என்றார்.

பணம் அனுப்பும்போது வங்கியின் செயலியில் மஞ்சள் பெட்டி ஒன்று வந்தது. நான் அடித்த பெயரும் அந்தக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை, இது மோசடியாக இருக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நான் நிறுத்திவிட்டு அவரை அழைத்தேன். அது வேன் ஓட்டும் என் கணவருடைய கணக்கு, எல்லா விருந்தினருக்கும் இந்தப் பெட்டி வரும், கவலைப்படாதீர்கள் என்றார். பின்னாலேயே ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. நான் ‘தொடர்க’ என்பதை அழுத்தினேன். 1,480 பவுண்டும் அந்த நொடியே போய்விட்டது.

எடின்பரோ வரை ரயிலிலும் அங்கிருந்து வாடகைக் காரிலுமாகப் போனோம். ஏ9 நெடுஞ்சாலையில் பாலின்லூயிக் என்னும் இடத்தில் திரும்பி, கிராண்ட்டல்லி வழியாக அந்த வீட்டு வாசலை அடைந்தபோது மாலை ஏழரை மணி. மே மாதமாதலால் நல்ல வெளிச்சம் இருந்தது. கதவைத் திறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். நான் அச்செடுத்து வைத்திருந்த தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வாசல்படியிலேயே நின்று படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இது என் சமையலறைதான், ஆனால் இந்த மெஷின் எனக்கு முன்பு இங்கே இருந்தவருடையது, இவை நான் இந்த வீட்டை வாங்கியபோது விற்பனை விளம்பரத்தில் வந்த படங்கள் என்றார். ஜன்னலுக்குக் கீழே அந்த மெஷின் இருந்த இடத்தில் ரொட்டிப் பெட்டி இருந்ததை வாசலிலிருந்தே பார்த்தேன். தன் வீட்டை அவர் ஒருநாளும் வாடகைக்கு விட்டதில்லையாம். எங்கள் நிலையைப் பார்த்து அவர் கண்கலங்கியதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. நாத்தனார் ஒரு வார்த்தை பேசாமல் காரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

விடுமுறை வாரம் என்பதால் அபர்ஃபெல்டியிலும் பிட்லாக்ரியிலும் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. பெர்த் வரை திரும்பிப் போய், இரவு பத்தரை மணிக்கு இரண்டு அறைகள் எடுத்தோம். அதற்கு 212 பவுண்டு. அது அந்த 1,480 பவுண்டுக்கு மேல் போன செலவு.

மறுநாள் காலை, பயணத் திட்டத்தில் இருந்த மூன்று வறுப்புக் கூடங்களையும் அழைத்தேன். அந்தப் பெண்மணியின் பெயரை மூன்று இடத்திலுமே யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு கூடத்தில் பேசிய இளைஞர், நாங்கள் வெளியாட்களை உள்ளே அழைத்துச் சுற்றிக்காட்டுவதே கிடையாது, ஒருமுறை அழைத்துக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்போமே என்று வருந்தினார். வீட்டிலிருந்து இரண்டு நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய அந்த அழைப்பைச் செய்யாமல் விட்டது என் தவறு. அதை மறைக்கப் போவதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என் தவறல்ல. அந்தப் பெண்மணியின் எண் அன்றே அணைந்துவிட்டது. தளத்தின் உதவிப் பிரிவில் நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு, பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படாததால் இதில் நாங்கள் தலையிட முடியாது என்று ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது. பணத்தை விடுங்கள், அந்த விளம்பரத்தையாவது எடுங்கள் என்று எழுதினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்றார்கள். மூன்றாம் நாள் விளம்பரம் மறைந்தது. ஆறாம் நாள் அதே சமையலறைப் படம் வேறு வீட்டுப் பெயரில், வேறு ஊர்ப் பெயரில் மறுபடியும் ஏறியிருந்தது. புகார் செய்தேன். விதிமீறல் எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்திருக்கிறது. தன் பக்கத்தில் திருட்டுப் படத்தை வைத்து ஆள்பிடிக்க இடம் கொடுத்துவிட்டு, ஏமாந்தவர் வந்து நின்றால் கையை விரிக்கும் இந்தத் தளத்தை என்னால் மன்னிக்க முடியாது.

வங்கியும் முதலில் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தது. இது உங்களுக்கும் ஒரு வியாபாரிக்கும் உள்ள தகராறு, மோசடி அல்ல என்றார் பேசியவர். இல்லாத வீட்டை வாடகைக்கு விடுவதில் என்ன வியாபாரத் தகராறு இருக்கிறது? 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. உச்சவரம்பு 85,000 பவுண்டு. வங்கி விரும்பினால் 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ளலாம். இந்த விதியை எடுத்துச் சொன்ன பிறகே புகாரைப் பதிந்துகொண்டார்கள். ஐந்து வேலை நாளில் தீர்வு வர வேண்டும். ஆனால் கூடுதல் தகவல் கேட்டு அந்த ஐந்து நாள் கெடுவை நிறுத்திவைக்க வங்கிக்கு வழி உண்டு, எங்களுக்கும் அப்படித்தான் நிறுத்திவைத்திருக்கிறார்கள். மஞ்சள் பெட்டியைப் பார்த்த பிறகும் ஏன் அனுப்பினீர்கள் என்று இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டார்கள். 101 என்ற எண்ணில் காவல்துறையிடம் பெற்ற புகார் எண்ணையும் கொடுத்திருக்கிறேன். நாத்தனாருக்கு அவர்கள் பங்கான 740 பவுண்டை, அவர் வேண்டாம் என்று மறுத்தும், என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன்.

விரிவாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது எழுத முடிந்தது இவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் விடுமுறை வீட்டை வாடகைக்கு விட உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் தேவை. விளம்பரத்தில் உரிம எண் இருக்க வேண்டும். எண் இருந்தால் மட்டும் நம்பாதீர்கள், மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எங்கள் விளம்பரத்திலும் எண் இருந்தது. அது வேறொரு ஊரில் உள்ள வேறொரு வீட்டின் எண் என்பதைப் பெர்த்தில் அறையில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தேன்.

தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். முடிந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ நேரடியாகக் கார்டில் கட்டினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். கணக்குப் பெயர் ஒத்துவரவில்லை என்று வங்கி சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் என்ன விளக்கம் சொன்னாலும் அனுப்பாதீர்கள். திட்டத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

அந்தப் படம் இன்று காலையிலும் தளத்தில் இருந்தது. ஜன்னலுக்கு இடப்பக்கம் நீல ஓடுகள் நான்கு வரிசை, அவற்றில் மேல் வரிசையின் ஓர் ஓடு மட்டும் மூலை உடைந்திருக்கும். ஜன்னலுக்குக் கீழே செம்பு நிற எஸ்பிரெஸ்ஸோ மெஷின், அதன் மேல் கவிழ்த்து வைத்த ஆறு வெள்ளைக் கோப்பைகள். எந்தப் பெயரில், எந்த ஊரில் அதைப் பார்த்தாலும் பணம் அனுப்பாதீர்கள்.